மணலில் எழுதிய கைகள்

பெரியகல்லாற்றில் எந்த வளவைத் தோண்டினாலும் மணல்தான். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவே ஓடும் கல்முனை வீதியை ஒட்டியே ஊர். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல் வந்து, ஓந்தாச்சிமடத்தையும் கோட்டைக்கல்லாற்றையும் கடந்தால் வரும் ஊர் இது. ஏடு தொடக்கிய பிள்ளைக்கு எழுத்துப் பழக்க இந்தக் கரையில் அதிகம் தேட வேண்டியதில்லை. முற்றத்து மணலைக் கையால் தட்டிச் சமன்செய்தால் அது பலகை; சுட்டுவிரல் எழுதுகோல். எழுதலாம், உள்ளங்கையால் அழிக்கலாம், மறுபடி எழுதலாம். செலவில்லை. பிழைவிட்டால் அடையாளமும் மிஞ்சாது.

தமிழ்ப் பிள்ளைகளின் இந்த மணற்பலகை ஒருமுறை லண்டன்வரை போயிருக்கிறது.

1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றவர் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொத்லாந்துக்காரர். அவருடைய ஆசிரியர்களுக்குப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லை. ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். விடுதிக்குத் திரும்பியதும் அதையே செய்து பார்க்கச் சொன்னார். பெரிய ஆசிரியர்கள் மறுத்தபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்னஞ்சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார். அவன் செய்துகாட்டினான். ஒரு பிள்ளை கற்று மற்றப் பிள்ளைக்குக் கற்பிக்கும் முறை அங்கே தொடங்கியது என்று பெல் 1797இல் லண்டனில் நூல் வெளியிட்டார். திண்ணைப் பள்ளியில் படித்த எவரும் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை இல்லாத திண்ணைப் பள்ளி எங்கே இருந்தது?

பெல்லின் முறையை ‘மெட்ராஸ் முறை’ என்றே இங்கிலாந்தில் அழைத்தார்கள். 1798இல் லண்டன் சவுத்வாக்கில் பள்ளி திறந்த யோசப் லங்காஸ்டர், இதை ஒத்த முறையில் ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். மணல் பரப்பிய மேசைகள் அங்கே வகுப்புத் தளவாடமாயின. அந்த அலை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில்தான் வெஸ்லியன் சபையின் முதல் மிஷனரிகள் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். பயணத்தை ஏற்பாடு செய்த தோமஸ் கோக் நடுக்கடலில் இறந்துபோனார். வில்லியம் ஓல்ட் என்ற இளைஞரின் மனைவியும் கப்பலிலேயே உயிர்நீத்தார். 1814 ஜூன் 29ஆம் திகதி காலியில் இறங்கிய குழுவில், மட்டக்களப்பு ஓல்ட்டின் பங்காக விழுந்தது.

தனியாக வந்த ஓல்ட் தமிழ் படித்தார், ஊர்களுக்குப் போனார், பள்ளிகளைத் தொடங்கினார். இங்கே அவர் வாழ்ந்தது எட்டு மாதமே. 1815 ஏப்ரலில் நோயில் விழுந்து இறந்தார். இன்றைய மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்றே எழுதுகிறது. இலங்கையின் மிகப் பழைய பாடசாலை தானே என்பது அதன் பெருமை. எட்டு மாதத்தில் ஒருவர் எழுப்பிய பள்ளிகள் அவருக்குப் பின்னும் நின்றன என்றால், அவற்றில் நின்று கற்பித்தவர்கள் ஊர் ஆட்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அவர்களின் பெயர்கள் சிலைகளில் இல்லை.

மிஷனரி வருமுன் வாவிக்கரையில் கல்வி இல்லாமலா இருந்தது? ஓலையில் எழுதிய ஏடுகள் இருந்தன. கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை காவியம் படிப்பதற்கென்றே ஏடு வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. இன்னொரு பெரிய பள்ளிக்கூடம் கூத்துக் களரி. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்தும் பழக்கும் அண்ணாவியாரைச் சுற்றி, பகலில் வயலிலும் வாவியிலும் வேலைசெய்தவர்கள் இரவில் கூடினார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்துப் பாட்டையும் வசனத்தையும் கையளிக்கும் நாளுக்குச் ‘சட்டங் கொடுத்தல்’ என்று பெயர். பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணி விழா, கடைசியில் அரங்கேற்றம். எழுத்து வாசனை இல்லாதவர்களும் விடியும்வரை ஆடும் ஒரு கூத்தின் பாட்டுகளை மனனமாகச் சொன்னார்கள். தாளம் நினைவுக்குக் கயிறாக இருந்தது. அண்ணாவி என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் பள்ளி உபாத்தியாயர் என்ற பொருளும் உண்டு என்பது தற்செயல் இல்லை.

இப்படி ஒரு பக்கம் ஏடும் தாளமும், மறுபக்கம் அச்சுப் புத்தகமும் ஆங்கிலமும் இருந்த கரையில்தான், 1892இல் காரைதீவில் மயில்வாகனம் பிறந்தார். பெரியகல்லாற்றிலிருந்து கல்முனை வழியே தெற்கே போனால் வரும் ஊர் அது. கல்முனையில் மெதடிஸ்த பாடசாலை, மட்டக்களப்பில் இயேசு சபையினரின் புனித மிக்கேல் கல்லூரி என்று அவருடைய படிப்பு நகர்ந்தது. 1873இல் தொடங்கிய மிக்கேல் கல்லூரியை வளர்த்தெடுத்த பேர்டினண்ட் பொனல் அடிகளாரிடம் மயில்வாகனம் கணிதம் படித்தார். பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி, பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா, 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம். நடுவே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சை. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபர். 1924இல் சென்னையில் துறவு ஏற்றபின் உலகம் அறிந்த பெயர் சுவாமி விபுலாநந்தர்.

அவரைப் பேசும்போது அவர் எழுதிய இசை ஆய்வான யாழ் நூலையும் துறவையும் சொல்லுவார்கள். அவர் முதலில் ஒரு விஞ்ஞான வாத்தியார் என்பது பின்னுக்குப் போய்விடும். ஆனால் அந்த வாத்தியாரை விட்டுவிட்டால் நூலாசிரியரும் துறவியும் விளங்கமாட்டார்கள். ஆய்கூடத்தில் ஆங்கிலத்தில் நடப்பதைத் தமிழ்ப் பிள்ளைக்கு எந்தச் சொல்லில் சொல்வது? இந்தக் கேள்வி அவருக்கு முன்னரும் எழுந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களை ஆக்குவித்தார். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியற் கலைச்சொல்லுக்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். 1930களில் சென்னை மாகாணத்தில் வாதம் சூடுபிடித்தது: வடமொழிச் சொற்களை அப்படியே எடுப்பதா, தமிழ் வேரிலிருந்து புதிதாக ஆக்குவதா, சர்வதேசச் சொல்லை ஒலிமாற்றி எழுதுவதா? சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் துறைவாரியாக அறிஞர்களைக் கூட்டி வேலையைத் தொடங்கியது. 1936இல் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவுக்காரரான விபுலாநந்தர். தமிழ் இலக்கணமும் இரசாயனமும் ஒருவருக்கே தெரிந்திருந்த அருமையால் அந்த நாற்காலி அவருக்குப் பொருந்தியது.

இதற்கு முன்பே, 1929இல், மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் வாவியோரமாகச் சிவானந்த வித்தியாலயத்தை அவர் எழுப்பியிருந்தார். இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளின் முகாமையாளராகக் கிழக்கின் ஊர்களுக்கெல்லாம் போய்வந்தார். பெரிய பள்ளி நகரத்தில், கட்டணம் கட்டக்கூடியவனுக்கு என்று இருந்த காலத்தில், விவசாயி வீட்டுப் பிள்ளை விடுதியில் தங்கி விஞ்ஞானம் படிக்க ஓர் இடம் அமைந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் என்று அவர் போன பதவிகள் பெரியவை. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய யாழ் நூலிலும் அந்த விஞ்ஞான ஆசிரியரின் கை தெரியும்: வழக்கொழிந்த யாழ்களின் நரம்புகளை அவர் எண்ணாலும் விகிதத்தாலும் கணக்கிட்டு மீட்டெடுத்தார். அடுத்த மாதமே, ஜூலை 19இல், காலமானார். சமாதி கல்லடியில், அவர் எழுப்பிய பள்ளியின் பக்கத்தில் இருக்கிறது.

இதே கல்லடிப் பாலத்தடியில் இன்னொரு ஆசிரியக் கூட்டம் வேறுவிதமான சோதனையில் இறங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பிரெஞ்சு இயேசு சபையினர் இருந்த இடத்துக்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து இயேசு சபைத் துறவிகள் வரத்தொடங்கினார்கள். விஞ்ஞானமும் கூடைப்பந்தும் அவர்களோடு வந்தன; மட்டக்களப்பின் விளையாட்டரங்குக்கு இன்றும் ஹெரால்ட் வெபர் அடிகளாரின் பெயர்தான். நிறைநிலா நாளில் வாவியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய இசை எழும், துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்று மீனவர் சொல்லிவந்தார்கள். பாடும் மீன் என்றார்கள். பலரும் அதைக் கதையென்றே எண்ணினார்கள். லாங் அடிகளார் என்ற அமெரிக்கத் துறவி ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கிப் பதிவுசெய்தார். அந்த ஒலி இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. மீனா, சிப்பியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் மீனவரின் துடுப்பும் ஆசிரியரின் ஒலிவாங்கியும் ஒரே வேலையைச் செய்ததை அந்தத் தலைமுறை மாணவர்கள் கேட்டார்கள்.

அந்தத் துறவிகள் தொடங்கிய கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனம், பரீட்சையில் தேறாத பையனுக்கும் ஒரு கைத்தொழில் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. லூசியானாவிலிருந்து வந்து மிக்கேல் கல்லூரியில் பல காலம் கற்பித்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் பிற்காலத்தில் அதன் பணிப்பாளராக இருந்தார்.

நாட்டின் கல்வி வரைபடம் இதற்கிடையே மாறிவிட்டது. கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. கிராமங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. நகரத்துக் கல்லூரிகளில் இருந்த ஆய்கூடமும் விடுதியும் நூலகமும் நாட்டுப்புறத்துக்கு வரவேண்டும் என்பது கன்னங்கராவின் கணக்கு. மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையில் எழுந்த மத்திய கல்லூரியின் கட்டடங்களில்தான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. ஒரு கிராமப் பள்ளிக்குக் கட்டிய சுவர்கள் பல்கலைக்கழகத்தையே தாங்கின.

தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏற, விபுலாநந்தர் கேட்ட அதே கேள்வி இப்போது ஒவ்வொரு வகுப்பறைக்கும் வந்தது. 1950களிலும் 60களிலும் அரசாங்கம் கலைச்சொற்றொகுதிகளையும் தமிழ்ப் பாடநூல்களையும் வெளியிட்டது. தமிழகம் இயற்பியல், வேதியியல் என்று போக, இலங்கை பௌதிகவியல், இரசாயனவியல் என்று நின்றது. ஆக்சிஜன் இங்கே ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன், கார்பன் டை ஆக்சைடு காபனீரொட்சைட்டு. கிரந்த எழுத்தைக் கூடியமட்டும் தவிர்த்து, தமிழ் ஒலிவிதிக்குள் உலகச் சொல்லை வளைத்துப் போட்ட வேலை இது. தமிழகத்து வாசகருக்கு விசித்திரமாகத் தோன்றும். களுவாஞ்சிகுடியிலும் கல்லாற்றிலும் உயர்தர விஞ்ஞானம் படித்த பிள்ளைக்கு அதுதான் இயல்பான தமிழ். அந்தத் தமிழில் படித்தே வைத்தியர்களும் பொறியியலாளர்களும் உருவானார்கள்.

சொல் கிடைத்தபின் தாள் வேண்டும். அச்சுக்கூடம் நகரத்தில், பரீட்சை ஊரில். இந்த இடைவெளியை நிரப்பியது ரோணியோ. தட்டச்சு இயந்திரத்திலோ கூரான எழுத்தாணியாலோ மெழுகுத் தாளில் கேள்விகளை வெட்டி, மையுருளையில் மாட்டிச் சுற்றினால், ஒரு வகுப்புக்கான வினாத்தாள் வெளியே வரும். வரைபடம் கோணினால், ஓர் எழுத்து அடைபட்டால் மெழுகுத் தாள் வீண். திருத்தும் மை தடவி மறுபடி வெட்ட வேண்டும். ஓலையில் எழுத்தாணி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் மெழுகில் எழுத்தாணி பிடித்தார்கள். சிங்கப்பூரில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சு விசைப்பலகை இல்லாவிட்டால் இந்த வேலை இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

1972இல் அரசு பாடத்திட்டத்தைத் தலைகீழாகப் புரட்டியது. எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றிணைந்த விஞ்ஞானம், எல்லாப் பிள்ளைக்கும் கணிதம். கூடவே தொழில்முன்னிலைப் பாடம். சுற்றாடலில் நடக்கும் தொழில் எதுவோ அதைப் பாடமாக எடுக்கலாம் என்றது திட்டம். மீன்பிடி, நெசவு, மட்பாண்டம், வேளாண்மை எல்லாம் நேரசூசிக்குள் வரக்கூடிய வாய்ப்பு. வாவிக்கரைக்கென்றே எழுதியதுபோன்ற யோசனை. வீட்டில் செய்வதையே பள்ளிக்கூடத்தில் ஏன் படிக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது தங்கள் வலையிலிருந்து பிள்ளையை வெளியே எடுக்கும் படிப்பு. 1977இல் ஆட்சி மாறியது, திட்டமும் போனது.

அடுத்த அடி காற்றில் வந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னந்தோப்புகளை முறித்துப் போட்டது. பாடசாலைக் கூரைகளும் தப்பவில்லை. அது ஓய்ந்த சில ஆண்டுகளில் போர். கருவிகள் நின்ற ஆய்கூடங்கள் அகதி முகாம்களாயின, சில இடங்களில் படைமுகாம்களும் ஆயின. 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஸ்கூட்டரில் புறப்பட்ட ஹேபர்ட் அடிகளாரும் உடன் வந்த இளைஞரும் வீடு வந்து சேரவில்லை. இன்றுவரை அவர்கள் காணாமற்போனவர்களே.

போர்க்காலத்தில் மின்சாரமும் இல்லை, கருவியும் இல்லை. அந்தக் காலத்தின் புதிய கற்பித்தல்கள் பெரும்பாலும் உடம்பையும் குரலையும் களிமண்ணையும் நம்பின. அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு, பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மீட்டெடுத்த கூத்துகளில் ஆடியவர். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற சிறுவர் நாடகங்களை எழுதினார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையை வளர்த்தபோது களரியின் பயிற்சிமுறையைப் பல்கலைக்கழகப் பாடத்துக்குள் கொண்டுவந்தார். அண்ணாவியார்கள் பல்கலைக்கழக மண்டபத்தில் மத்தளத்தோடு உட்கார்ந்தார்கள்.

1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தது. கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபையின் போல் சற்குணநாயகம் அடிகளாரும் தொடங்கிய இந்த இடத்துக்கு, தமிழ் ஊர்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். பரீட்சை இல்லை, மணி அடிப்பதில்லை. களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். சாவைக் கண்ட பிள்ளையிடம் என்ன நடந்தது என்று நேரே கேட்பதைவிட, கையில் மண்ணைக் கொடுத்துக் காத்திருப்பது மேல் என்பது அங்கே பழகிய முறை.

கணினி இந்தக் கரைக்கு வந்தது யுத்தநிறுத்த ஆண்டுகளில். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் நடந்த இடைநிலைக் கல்வி நவீனமயமாக்கல் திட்டம் நாடெங்கும் பாடசாலைகளில் கணினி கற்றல் நிலையங்களை அமைத்தது. குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கோயிலுக்குள் நுழைவதைப்போன்ற பக்தியோடு பிள்ளைகள் உள்ளே போனார்கள். அந்தப் பொருளின் பெயரிலேயே முதல் தகராறு: கணினியா, கணணியா? பெயர்ப்பலகைகளில் இரண்டும் கிடந்தன. பாடநூல் கணினி என்றது. கடைக்காரர் கணணி என்றார். பிள்ளைகள் கொம்பியூட்டர் என்றார்கள்.

ஆசிரியர்கள் அந்த அறைக்குள் முதலில் தேடியது வினாத்தாள் அடிக்கும் வழியை. அதற்குப் பாமினி கிடைத்தது. தட்டச்சுப் பழகிய விரலுக்கு ஒத்துவந்த எழுத்துரு அது. ரோணியோ மெழுகுத் தாள் கிழிந்து அலுத்தவர்களுக்கு வரம். ஆனால் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். ஒரு பாடசாலையில் அடித்த தாளை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ஆசிரியர் கோப்போடு எழுத்துருவையும் நெகிழ்வட்டில் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை விடுமுறை. காலை ஒன்பது மணிக்குச் சற்றுமுன் கடல் எழுந்துவந்தது. கல்லாறு உட்பட, வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையின் ஊர்கள் பலவற்றில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓட இடமே இருக்கவில்லை. விடுமுறையாக இருந்ததால் வகுப்பறைகள் வெறுமையாக இருந்தன. வீடுகள் வெறுமையாக இருக்கவில்லை. பின்வந்த மாதங்களில் கூடாரத்தின் கீழ், மணல் தரையில் பாய் விரித்து வகுப்புகள் நடந்தன. கரும்பலகையும் வெண்கட்டியும் நிவாரணப் பொருள்களாக வந்தன.

2005இல் வேறொரு வகையான பள்ளிக்கூடம் இணையத்தில் பிறந்தது. நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்த ஈழத்துத் தமிழ் ஆர்வலர்கள் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நினைவு அந்த முயற்சியின் அடியில் இருந்தது. அழிவுக்குத் தப்பிய நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் என்று தேடி வருடினார்கள். மட்டக்களப்புப் பாடசாலை ஒன்றின் ஆண்டு மலரை ரொறன்ரோவிலிருக்கும் பழைய மாணவர் புரட்டிப் பார்க்க முடிந்தது.

தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பரீட்சைப் பாடமாயிற்று. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு என்றே புதிதாக ஒன்று வந்தது. 2015இல் முதல் தொகுதி பரீட்சை எழுதியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோற்ற தொழில்முன்னிலைப் பாடத்தின் ஒன்றுவிட்ட உறவு அது. இந்தமுறை பெற்றோர் முகம் சுளிக்கவில்லை. வலைக்கும் ஏருக்கும் பதிலாகப் பொறியியல் தொழில்நுட்பம் என்று பெயர் மாறியிருந்தது, பல்கலைக்கழக வாசலும் திறந்திருந்தது. பட்டிருப்புக் கல்வி வலயத்திலும் கல்முனைப் பக்கத்திலும் ‘திறன் வகுப்பறை’ என்ற சொல் திறப்புவிழாப் பதாகைகளில் தென்படத் தொடங்கியது.

அந்த அறைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2020 மார்ச் 13 காட்டியது. கொரோனாவுக்காக நாட்டின் பாடசாலைகள் பூட்டப்பட்டன. சூம், வாட்ஸ்அப், தொலைக்காட்சி என்று மூன்று வழி. ‘குருகெதர’ என்ற அரச நிகழ்ச்சியின் தமிழ்ப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் வந்தன. கொரோனாவுக்குச் சற்று முன்னர் லேர்ன்ஏசியா நிறுவனம் எடுத்த அளவீட்டின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்த இலங்கை வீடுகளில் ஸ்மார்ட்போனோ கணினியோ இருந்தவை அரைவாசிக்கும் குறைவு. இணைய இணைப்பு மூன்றில் ஒரு வீட்டில்தான். ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட வீட்டில் எந்த வகுப்பு முந்தும்?

எழுவான்கரையில் இருந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய்ப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கியது. கல்லாற்றுக்குச் சற்று வடக்கே குறுமண்வெளியில் வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகும் மிதவைக்கு இங்கே ‘பாதை’ என்று பெயர். மோட்டார் சைக்கிளை அதில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, வயல்களுக்கு நடுவே போனால் சில ஊர்களில் சிக்னல் ஒரு கோடு. சிலவற்றில் அதுவும் இல்லை. திரையில் பாடம் நடத்த முடியாத இடங்களில் பயிற்சித் தாள்களை அச்சிட்டு, வீடுகளுக்குக் கொடுத்து, விடைகளை வாங்கித் திருத்தும் பழைய வழியே மிஞ்சியது.

டேட்டாவுக்குக் காசு ஆசிரியரின் பொக்கட்டிலிருந்துதான் போனது. 2021 ஜூலை 12ஆம் திகதி நாடெங்கும் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தின. சம்பள முரண்பாடு முதல் கோரிக்கை. இணையத்துக்கும் கருவிக்கும் அரசு எதையும் தரவில்லை என்பது கூடவே ஒலித்த முறைப்பாடு. போராட்டம் மூன்று மாதத்துக்கு மேல் நீண்டது. அது ஓய்ந்து மூச்சுவிடுமுன் 2022இன் பொருளாதார நெருக்கடி. கடதாசி இல்லாமல் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன; எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மறுபடி பூட்டின. டிஜிட்டல் யுகத்தின் வகுப்பறையை ஒரு ரீம் தாளும் ஒரு லீற்றர் பெற்றோலும் நிறுத்திவைத்தன.

இப்போது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரவு பத்து மணிக்குக் கோப்புகள் ஓடுகின்றன: கடந்தகால வினாத்தாள், யாரோ வரைந்த இதயக் குறுக்குவெட்டு, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய மாதிரி விடை. மாற்றும்போது கொம்பு இடம்மாறி விழுந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்திய பிறகே அனுப்புவார்கள். காலையில் அது அச்சாகி, உறைக்குள் மடிந்து, மோட்டார் சைக்கிளின் பையில் ஏறி, குறுமண்வெளியில் பாதைக்காகக் காத்து நிற்கும். விஜயதசமிக்கு அதே கரையில் ஏடு தொடக்குகிறார்கள். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கிறார் ஐயர். அரிசி கொஞ்சம் சிந்துகிறது. சித்தப்பா போனை நீட்டிப் படமெடுக்கிறார். சுவிஸிலிருக்கும் பெரியம்மாவுக்கு உடனே போகிறது. எழுத்து சரியாக விழவில்லை என்று அம்மா அரிசியைத் தட்டிச் சமன்செய்கிறாள். இன்னொருமுறை எழுத வேண்டும்.